மேயருக்கும் ஒரு கை

மட்டக்களப்பில் மாநகர சபைக் கூட்டம் நடக்கிறது. பார்வையாளர்களுக்கான நீள மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் மீன் விற்கும் பாக்கியம் அக்கா இருக்கிறார். வாவிக்கரைச் சந்தையில் வெயிலில் குந்தியிருந்து விற்கும் பெண்களுக்குக் கூரை போடவேண்டும் என்று அவருடைய வட்டார உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்திருக்கிறார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் மேயர்.

“மேயர் வேண்டாமெண்டா முடிஞ்சுதானே அக்கா?”

“இல்ல தம்பி. வாக்கெடுப்பில அவருக்கும் ஒரு கைதான்.”

கைகள் உயர்கின்றன. போதாது போலிருக்கிறது. அப்போது மேயரின் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண் உறுப்பினர், மேயரின் முகத்தைப் பார்க்காமலே கையை உயர்த்துகிறார். பின்வரிசையிலிருந்து இன்னும் சில கைகள் எழுகின்றன. பிரேரணை நிறைவேறிவிட்டது என்று மேயரே அறிவிக்கிறார்.

பாக்கியம் அக்கா வாசலுக்கு ஓடிப்போய்ச் சந்தைக்குப் போன் எடுக்கிறார்.

“ஓம் புள்ள, மெய்தான். கூரை வருது!”