வெள்ளிக்கிழமை மட்டும் நிற்காத படம்

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டி இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது வந்த பிறகு நாடகம் பார்க்க நேரம் காலம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. தமிழ்நாட்டில் ராத்திரி போடுகிற நாடகத்தை நாங்கள் மறுநாள் மதியம் சோறு தின்று, சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு பார்ப்போம்.

நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். அவளுக்கும் புருஷன் இல்லை, எனக்கும் இல்லை. டத்தோ கிராமாட்டில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். நாத்தனாருக்கு ஒரே மகன், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் வீடு வாங்கியிருக்கிறான். பொட்டியை வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தது அவன்தான்.

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள். தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், இன்றைக்கே முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? திரையில் பல் வைத்த சக்கரம் இருந்தால் அது உள்ளே போய் மாற்றுகிற இடம். வளைந்த அம்பு இருந்தால் வந்த வழியே திரும்பலாம். வீடு மாதிரி இருந்தால் ஆரம்பத்துக்கே வந்துவிடலாம். படித்தவள் என் மகளே சில நேரம் அதில் வழி தெரியாமல் நிற்பாள், நான் நின்றதில்லை.

அப்படிப்பட்ட பொட்டி திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் நன்றாக ஓடும். பாதி நாடகம் தாண்டியதும் படம் அப்படியே நின்றுவிடும், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொட்டிக்கும் ஒரு குறும்பு, நிற்கிற இடமாகப் பார்த்துத்தான் நிற்கும். மாமியார்க்காரி மருமகளை அறையக் கையை ஓங்குவாள், கை மேலேயே நின்றுவிடும்.

"இந்தக் கை எப்ப எறங்கும் அண்ணி? நான் கொல்லையில துணியெல்லாம் எடுத்துட்டு வந்துரவா?" என்பாள் நாத்தனார்.

அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஓடும். சற்று நேரத்தில் மறுபடியும் நிற்கும்.

இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அவள் மகன் போன் பண்ணாமல் இருந்திருந்தால். அவன் வெகு நாளாகவே அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றுவிடுவாள். அன்றைக்கு அவள் வாய் சும்மா இருக்காமல் படம் நிற்கிற கதையைச் சொல்லிவிட்டாள். போனின் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பாள், அவனுடைய குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"பேசாம இங்க வந்துருங்க லா ம்மா. இங்க நெட் லைன் நல்லா இருக்கு, ரூமும் சும்மாத்தான் கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிறேன்."

வழக்கம்போல அவள் மாட்டேன் என்று சொல்வாள் என்று நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் "பாக்கலாம்" என்றாள்.

அந்த ஒரு சொல் எனக்குச் சோற்றோடு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? மீன் வாடை வருகிறது என்று யார் மூக்கைச் சுளிப்பது? ஆனால் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் நான். யாரிடமும் போய் நின்று எனக்கு இது வேண்டும் என்று கேட்ட பழக்கம் இல்லை. பொட்டியைச் சரிபண்ணிவிட்டால் அவள் தன்னாலே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிபண்ணியாக வேண்டும்.

அவள் மகனைக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. என் மகளுக்குப் போன் போட்டேன். சக்கரத்துக்குள் போ, படத்தின் தெளிவைக் குறை, அப்போது லைனுக்குப் பாரம் குறையும் என்றாள். குறைத்தேன். படம் மழையில் நனைந்த கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. "இது யாரு அண்ணி, மாமியாரா, மாமனாரா?" என்று கேட்டாள் நாத்தனார். அப்படியும் பாதியில் நின்றது. பழையபடி மாற்றப் போய் எதையோ அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அதன் பிறகு குரல் முன்னால் வந்தது, வாய் பின்னால் அசைந்தது. அழுது முடித்த பிறகு கண்ணீர் வந்தது. அதைச் சரிபண்ணுவதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

அப்புறம் லைன் பார்க்கிற ஆளை வரச் சொன்னேன். மலாய்க்காரர், நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். வெளியாள் வருகிறார் என்றால் வீடு வீடாக இருக்க வேண்டும் இல்லையா? டிவி வைத்திருக்கிற ஷோகேஸின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பொட்டியின் மேல் போட்டிருந்த உறையை எடுத்துவிட்டு, நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன். அவர் கையிலிருந்த கருவியை வைத்துப் பார்த்தார். படத்தைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்தார். காப்பி ஆறிக் குடித்து முடிக்கிற வரைக்கும் படம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. "லைன் ஓகே, மாக்சிக்," என்று பெரியம்மா முறை வைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் உறையைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். மதியம் மறுபடியும் நின்றது.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆம்பள முன்னால மருவாதியா இருக்கு. நம்மளக் கண்டா எளக்காரம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அவள் தன் சேலைகளை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்திருந்தேன். நல்ல சேலைகளை மட்டும் எடுத்து வைத்தாள். சும்மா ஒரு வாரம் தங்கப் போகிறவள் நல்ல சேலைகளையா எடுத்து வைப்பாள்?

வெள்ளிக்கிழமை வீடு கழுவினோம். அன்றைக்கு நாடகம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஓடியது. ஓங்கிய கை இறங்கியது, அறை விழுந்தது, மருமகள் வீட்டை விட்டு வெளியே போனாள், எல்லாம் முடிந்தது. நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணி, போன வெள்ளிக்கெழமயும் நிக்கல. ஆத்தா நாளு."

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். எந்த வெள்ளிக்கிழமையும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியானால் இது லைன் சமாசாரம் இல்லை, சாமி சமாசாரம் என்று முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை மதியம் குளித்து, விளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டு, சட்டியைக் கொண்டுபோய் ஷோகேஸுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. விளம்பரம் முடிந்தது. மருமகள் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினாள். கால் அப்படியே நின்றது.

"நல்லா பொகைய வேற போட்டீங்க," என்றாள் நாத்தனார். "ஏற்கனவே அத மூடிப் போத்தி அலமாரில பூட்டி வச்சிருக்கு. மூச்சு முட்டிச் சாவட்டும்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ சுருக்கென்றது. எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து, உறைக்குள் கையை விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி கொதித்தது.

அந்த உறை நான் பின்னியது. வெள்ளை நூலில் பூப் பின்னி, உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்துத் தைத்தது. தூசி விழக் கூடாது, பல்லி எச்சம் படக் கூடாது என்று டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, பொட்டிக்கு ஒன்று செய்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதைத் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது எல்லா உறைகளையும் துவைத்துக் கொல்லைக் கயிற்றில் போடுவேன். சாயங்காலம் காய்ந்த பிறகுதான் திரும்பவும் போடுவேன். ஷோகேஸும் அன்றைக்கு ஈரம் உலரட்டும் என்று திறந்தே கிடக்கும். லைன்காரர் வந்த அன்றைக்கும் பொட்டி அப்படித்தான் காற்று வாங்கிக்கொண்டு இருந்தது.

உறையை உருவிவிட்டுப் பொட்டியை வெளியே எடுத்து ஷோகேஸின் மேல் தட்டில் வைத்தேன். பனை விசிறியை எடுத்துக் கொஞ்ச நேரம் விசிறினேன். பிறகு படத்தைப் போட்டேன். மருமகள் பஸ்ஸில் ஏறினாள், உட்கார்ந்தாள், பஸ்ஸும் போய்ச் சேர்ந்தது. எங்கேயும் நிற்கவில்லை.

"துணிதான்," என்றேன்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண்டுபிடித்தது யார்? நான்தானே. மனது நிறைந்து போய் அடுப்படிக்குப் போனேன், தேத்தண்ணி போடலாம் என்று. அப்போது அவளுடைய அறையில் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். பையை மூடிக் கட்டிலின் மேல் வைத்திருந்தாள்.

"படந்தான் இப்ப நிக்கலையே," என்றேன்.

"அவன் வீட்டுலயும் நிக்காதாம்," என்றாள்.

 அவள் பையின் வாரைச் சரிபண்ணுகிற மாதிரி அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"ஒரு வாரமா அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுதீங்க. தட்டுனீங்க, ஏசுனீங்க, சாம்பிராணி போட்டீங்க. என்கிட்ட வந்து, ஏ புள்ள, போறியா இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கணுமா?"

"கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

குறைந்து போய்விடுவேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் கூட நான் அப்படிக் கேட்டதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இரு புள்ள," என்றேன். "நீ போயிட்டா எனக்கு இந்த வீட்டுல சோறு எறங்காது."

அவள் பையின் ஜிப்பைத் திறந்து மேலே இருந்த சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு அவன் வருவான். நண்டு வாங்கிட்டு வந்துருங்க. எறால்னா தொட மாட்டான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்குப் போனது நான்தான். நண்டைத் தூக்கிப் பார்த்து, கனமானதாகப் பொறுக்கி எடுத்தேன். அவன் வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் பையை வைப்பதற்காகக் காரின் பின்பக்கத்தை எல்லாம் காலி பண்ணிக்கொண்டு வந்திருந்தான். அம்மா அவனுக்குத் தட்டை வைத்துக்கொண்டே, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"என்ன அத்தே, எங்கம்மாவுக்கு மருந்து கிருந்து வச்சிட்டீங்களா?"

"ஆமா, கொழம்புலதான் வச்சிருக்கேன். நீயும் தின்னு, நீயும் இங்கயே கெடப்ப," என்றேன்.

கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். விரலைச் சூப்பிக்கொண்டே, தீபாவளிக்கு மட்டும் இரண்டு பேரும் அங்கே வர வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டான். வருகிறோம் என்றேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்டான், அதைக் கவனித்துக்கொண்டேன்.

மிச்சக் குழம்பைத் தூக்குச் சட்டியில் ஊற்றி, கொல்லையிலிருந்து கறிவேப்பிலை ஒடித்து, காலியாக வந்த காரின் பின்பக்கத்தில் வைத்தோம். அவன் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தான். பாலத்தில் ஜாம் ஆகிவிடும், சீக்கிரம் கிளம்பு என்று அவனைக் கிளப்பிவிட்டது நான்தான். முந்தைய நாள் நாடகம் எங்களுக்கு இன்னும் பார்க்காமல் பாக்கி இருந்தது.