தையல் மிஷின் போட்ட மதிப்பெண்

எங்கள் பத்திரிகையில் அவருக்குச் செவியார் என்று பெயர். வைத்தவன் நான்தான். ரேடியோ, ஸ்பீக்கர், மியூசிக் சிஸ்டம் என்று எது வந்தாலும் பதினாறு வருடமாக அவர்தான் வீட்டுக்கு எடுத்துப்போய் மதிப்புரை எழுதுகிறார். நான் பக்கம் போடுபவன். மனிதர் தங்கமானவர். ஆனால் தன் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் நம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அந்தக் காதின் ரகசியம் எனக்கு மட்டும் தெரியும். அவர் மனைவி, எனக்கு அண்ணி, வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை. பாட்டு மனசுக்குப் பிடித்தால் மிஷினை மிதிக்கும் அவர் கால் தானாக மெதுவாகும். ரொம்பப் பிடித்தால் நின்றே போகும். நம் செவியார் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்பது பாட்டை அல்ல, மிஷினை! நின்றால் ஐந்து நட்சத்திரம். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சோதனை கெட்டுவிடுமாம்.

போன மாதம் ஒரு வைஃபை மியூசிக் பிளேயர் வந்தது. வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டு ஃபோனைத் தொட்டால் போதும், இணையத்திலிருந்து பாட்டை இழுத்து எல்லா அறையிலும் பாடும். கம்பியே கிடையாது. ஹாலில் ஒரு ஸ்பீக்கர், சமையலறையில் ஒன்று, தையல் அறையில் வழக்கம்போல் அண்ணிக்கு இடப்பக்கம் ஒன்று. மூன்று நாள் விதவிதமாகப் போட்டுப் பார்த்தார். மிஷின் கடகடவென்று ஒரே வேகத்தில் ஓடியது. "உயிரில்லாத ஓசை" என்று கிழித்துத் தொங்கவிட்டார். ஒன்றரை நட்சத்திரம். நானும் பக்கத்தை முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை பிளேயரைத் திருப்பி அனுப்ப வேண்டும். தையல் அறை ஸ்பீக்கரை எடுக்கப் போனார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மிஷினை மிதித்தபடியே அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, இது ரிப்பேரா? வெச்ச நாள்லேருந்து சத்தத்தையே காணோம்."

"மூணு நாளா பாடிக்கிட்டே இருக்கே!"

"அப்படியா? இடது காது மந்தமா இருக்குன்னு சொன்னேனே. மிஷின் ஓடினா அந்தப் பக்கம் எதுவுமே விழாது."

"எப்ப சொன்னே?"

"ரெண்டு தடவ. நீங்களும் தலையாட்டுனீங்க. அப்பறம் பாத்தா ஹெட்போன் மாட்டியிருந்தீங்க."

உடனே எனக்கு ஃபோன் செய்தார். "தம்பி, அந்தப் பக்கத்த எடுத்துடு."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "விளையாடறீங்களா அண்ணே? இன்னும் அரை மணி நேரத்துல அச்சுக்குப் போகணும். பக்கத்த காலியா விடவா?"

"விட்டுக்கோ. நான் உங்க அண்ணியோட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன்." குரல் உடைந்திருந்தது. பழைய சமையல் குறிப்பு ஒன்றைப் போட்டு அந்த இடத்தை அடைத்தேன்.

சாயங்காலம் அவரே அலுவலகத்துக்கு வந்தார். எப்போதும் வாசலிலேயே ஒரு நையாண்டியோடு நுழைபவர், நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறாராம். கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாதாம். முன்னாடியே கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்டாராம்.

"எத்தனை நாளா இப்படி இருக்காம்?" என்றேன்.

"ஏழு மாசமா. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதாம். எனக்குத் தெரியவே இல்ல தம்பி. ஒரே வீட்டுல இருக்கேன்."

அவர் போன பிறகு மனசு கேட்காமல் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். ஏழு மாதத்து மதிப்புரைகளையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். நாலரை நட்சத்திரம். நான்கு. மூன்றரை. மூன்று. மறுபடி மூன்று. இரண்டு. அச்சுக்குப் போகாமல் நின்ற நேற்றையது ஒன்றரை. செவியார் வரவரக் கறாராகிவிட்டார் என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள், நாங்களும் அவருக்குக் கை கொடுத்தோம். அண்ணியின் காது மங்கிக்கொண்டே வந்ததை மாதம் தவறாமல் அச்சடித்து ஊரெல்லாம் விற்றிருக்கிறோம்.