மருந்து கூடிப்போனதாக எழுதிக் கொடுத்தவர்

திரையில் கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கிப் படபடவென்று சுடும்போது விசில் அடிக்கிறோமே, அந்தச் சத்தத்தைச் செய்துகொடுப்பது யார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நாம் எங்கே யோசிக்கப் போகிறோம்! செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் ஜெபகுமார் என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாக அந்தத் தோட்டாக்களைத் தன் கையால் அடைத்துக் கொடுத்தவர். ஷூட்டிங்கில் அவருக்கு ‘கன் ஜெபம்’ என்று பெயர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். மகன் கல்குவாரியில் வெடி வைக்கிறவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, அங்கே படித்த தொழிலோடு சினிமாவுக்கு வந்து சேர்ந்தார். டம்மித் தோட்டாவில் குண்டு கிடையாது, வெடிமருந்து மட்டும்தான். குண்டு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மண்ணாங்கட்டி! குழாய் வாயிலிருந்து நெருப்பும் வேகாத மருந்துத் துணுக்கும் பாய்கிற பாய்ச்சலில், கிட்டே நிற்கிறவன் கண் போய்விடும்.

அதிலும் இந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இருக்கிறதே, அது பெரிய பேஜார். வெடிக்கிற வேகத்திலேயே காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் இழுக்காது. ஒரே வெடியோடு நின்றுவிடும், டைரக்டர் மைக்கில் அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவார். மருந்து கூடினால் திட்டுவதற்கு யாராவது முழுசாக இருக்க வேண்டும். ஜெபகுமார் குறைச்சலில் ஆரம்பித்து, துளித்துளியாக ஏற்றி, ஒவ்வொன்றையும் தானே சுட்டுப் பார்ப்பார். காலித் தோட்டா ஒழுங்காக எகிறி விழுகிற இடத்தில் கையை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஹீரோவே வந்து கேட்டாலும் கிடையாது.

பிறகு ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு அதை நோக்கிச் சுடுவார். ஒரு கரும்புள்ளிகூடப் படியாத தூரம் வரும்வரை வேட்டியைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார். அந்தத் தூரத்துக்கு மேல் இன்னொரு மடங்கு சேர்த்து, தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். துப்பாக்கிக்கும் கோட்டுக்கும் நடுவில் ஈ காக்காய் இருக்கக் கூடாது. “கோடு காலி!” என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் கேமரா ஓடும்.

“வூட்ல ஒரு வேட்டியாவது உருப்படியா கீதா? எல்லாத்துலயும் ஓட்ட” என்று மனைவி ஜாய்ஸ் புலம்புவாள்.

“வேட்டியிலதானடி ஓட்ட, மனுஷன் மேல இல்லியே” என்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம். இருக்கட்டுமே, முப்பது வருடத்தில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாதே!

போன வருடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு படம். ஹீரோ சுட்டுக்கொண்டே வர, மீன் விற்கிற பெண்கள் சிதறி ஓட வேண்டும். கூட்டத்தில் வேண்டா என்று பெயர் கொண்ட ஒரு அம்மா இருந்தாள். ஐம்பது வயது, பத்து வருடமாகக் கூட்டக் காட்சிகளில் ஓடி, அழுது, விழுந்து பிழைப்பவள். ஜெபகுமாரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவாள்.

மூன்று டேக் ஆயிற்று. வெள்ளைக் கோடு ஃப்ரேமில் தெரிகிறதென்று உதவி டைரக்டர் ராஜாராம் ஆள் விட்டு மணலைக் கிளறி அதை மூடிவிட்டான். ஜெபகுமார் சண்டைக்குப் போனார்.

“அண்ணாத்த, ஜனங்க நிக்கிற இடம் எனக்குத் தெரியும். நீ போய் அடுத்த மேகஸின ரெடி பண்ணு, வெயில் எறங்குது” என்றான் ராஜாராம்.

அவரும் போனார். அதுதான் அவர் செய்த தப்பு. வேன் மறைவில் உட்கார்ந்து தோட்டாக்களைச் செருகிக்கொண்டிருந்தபோது, ஹீரோ கையிலிருந்த ரைஃபிளில் மிச்சம் கிடந்த தோட்டாக்களை வைத்தே நாலாவது டேக்கை ஓடவிட்டார்கள். ஃப்ரேம் காலியாகத் தெரிகிறதென்று ராஜாராம் வேண்டாவைத் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தி நிறுத்தியிருக்கிறான். கோடு காலி என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டு ஜெபகுமார் எழுந்து ஓடி வந்தபோது வேண்டா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம். அவள் உட்கார்ந்திருந்தது அவர் கோடு போட்ட இடத்துக்குப் பத்தடி உள்ளே.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உடனே பெரிய ஆபரேஷன் செய்தால் பார்வை தப்பலாம் என்றார். பெரிய செலவு. ஜெபகுமாரை வராந்தாவின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான் புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடேசன்.

“இதோ பாருண்ணாத்த. அந்தம்மா கோட்டத் தாண்டி வந்துச்சுன்னு சொன்னா, அது அந்தம்மா தப்பு. இன்சூரன்ஸ்காரன் பைசா குடுக்க மாட்டான். யூனிட் மேல தப்புன்னா போலீஸ், கேஸு, பத்து வருசம் இழுக்கும். மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு, என் கைத்தப்புன்னு நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு. டெக்னீஷியன் தப்புன்னா க்ளெய்ம் ஒரே வாரத்துல வந்துடும். அதுக்குக் கண்ணு வேணுமா, உனக்குப் பேரு வேணுமா?”

கேட்டான் பாருங்கள் கேள்வி! பாவி, எங்கே அடித்தால் விழுவார் என்று தெரிந்துதான் அடித்திருக்கிறான்.

ஜாய்ஸ் போனிலேயே அழுதாள். “எழுதாதய்யா. செய்யாத தப்ப செஞ்சேன்னு எதுக்கு எழுதுற? நோட்டுல எல்லா அளவும் எழுதி வச்சிகினு கீறியே, அத எடுத்துக் காட்டு!”

“நோட்ட காட்டுனா என் பேரு நிக்கும். அதுக்குக் கண்ணு நிக்குமா?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். நர்ஸிடம் பேனா வாங்கி, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அளவுக்கு மேல் மருந்து வைத்துவிட்டேன். என் கவனக்குறைவு. கீழே தமிழில் முழுப் பெயர்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு வாரத்தில் பதில் அனுப்பத்தான் செய்தது. அனுமதித்த அளவுக்கு மேல் வெடிமருந்து வைத்ததாகப் பொறுப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார், விதியை மீறி நடந்த விபத்துக்கு இழப்பீடு இல்லை என்று பதில். வெங்கடேசனுக்கு இது முன்னாடியே தெரியுமா, தெரியாதா? தெரிந்திருக்கும் என்பேன் நான். கடிதம் வந்த நாளிலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. படக் கம்பெனி, எல்லாம் ஜெபகுமாரின் தப்பு, அவரைக் கேளுங்கள் என்று கையைக் கழுவிக்கொண்டது. அன்றைக்கு மணலில் நின்ற அறுபது பேரும் பார்த்தார்கள். அறுபது பேருக்கும் அடுத்த படத்தில் வேலை வேண்டும், வாயைத் திறக்கவில்லை. சங்கம் ஜெபகுமாரின் உறுப்பினர் கார்டைப் பிடுங்கியது. வேண்டாவின் மகள் சிநேகா அங்கே இங்கே அலைந்து ஆபரேஷனுக்கு வழி செய்தபோது, அந்தக் கண்ணில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சிநேகா வாசலில் நின்றாள். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிற பெண். கையில் அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது.

“மாமா, இது உன் கையெழுத்துதானே?”

“ஆமாம்மா.”

“நெசமாவே மருந்து கூடத்தான் வச்சியா?”

ஜாய்ஸ் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். “இல்லம்மா! உங்கம்மா ஆபரேசனுக்கோசரம் எழுதிக் குடுத்துட்டாரும்மா. அந்த ராஜாராம்தான் உங்கம்மாவ இஸ்துகினு போய் கோட்டுக்குள்ள நிக்க வச்சான்!”

“மாட்டிக்கினதுக்கு அப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க அத்தை. அவரு சொல்லட்டும்.”

ஜெபகுமார் வாயைத் திறந்தார். “மருந்து சரியாத்தாம்மா இருந்துச்சு” என்றார். சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது. தன் கையால் எழுதிய எழுத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதை மறுத்துப் பேசுவது பொய்க்காரன் பேச்சாக அவர் காதுக்கே கேட்டது.

சிநேகா ஜெராக்ஸை நாலாக மடித்தாள்.

“முன்னால வந்து நில்லுன்னு அந்தாளு இஸ்துகினு போனப்ப, பக்கத்துல இருந்தவங்கல்லாம் பயந்தாங்களாம். எங்கம்மாதான், ஜெபம் அண்ணாத்த போட்ட மருந்து, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டுப் போய் நின்னுச்சாம். கண்ணு போனதுக்கு அப்புறமும் அதையேதான் சொல்லிகினு இருந்துச்சு. அண்ணாத்த கை தப்பாதுன்னு. எனக்குக் கோவம் தாங்கல. நேத்து இந்த லெட்டர எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டுனேன். அதுலருந்து அது யார்கிட்டயும் பேசல மாமா.”

அவள் படியிறங்கிப் போனாள். சட்டையைப் பாதி கழற்றியபடியே ஜெபகுமார் நின்றுகொண்டிருந்தார்.