கூரையைத் தொடாத சுவர்

இந்த ஊரில் ஒருவர் தன் குடியைப் பற்றிப் பேசி முடித்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். முதல் நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் கதையைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் "தேங்க் யூ" என்றார்கள். சரி, போய்வா என்கிறார்களாக்கும் என்று நினைத்து, ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டேன். கீத் என்கிற கிழவர்தான் பின்னாலேயே வந்து, கையில் கோப்பியைக் கொடுத்து உட்கார வைத்தார். நம்ம தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தன் வாயைத் திறந்தால் பத்துப் பேர் குறுக்கே விழுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, இங்கே ஆளுக்கொரு மூடி வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு ரெண்டு வருஷம் சுகமாகத்தான் இருந்தது. கசிப்புக் குடித்தது, லொறி வேலை போனது, கோயில் வாசலில் விழுந்து கிடந்தது எல்லாம் சொல்வேன். கடைசியில், "ஆனால் பெண்டாட்டி மேல் ஒரு நாளும் கை நீட்டினதில்லை" என்று முடிப்பேன். தேங்க் யூ என்பார்கள்.

போன தை மாசம் மூன்று கிழமை லீவில் இலங்கைக்கு, எங்கள் கொட்டகலைக்குப் போனேன். போனது ஒரே காரியத்துக்கு. என் மனைவி தனமும் பதினோரு வயசு மகளும் இங்கே வருவதற்கான பத்திரங்களை எப்போதோ அனுப்பிவிட்டேன். தனம் கையெழுத்துப் போடாமல் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "பாப்போங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மூன்றாம் நாள் அவள் தம்பி கூட்டாளிகளோடு வந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் ஏர்போர்ட்டில் போத்தல் வாங்கிவருவது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். "என்ன மச்சான், கனடாவுல இருந்து சாக்லட்டோட வந்திருக்கீங்க? நாங்க என்ன பல்லு முளைக்கிற பிள்ளைங்களா?" என்றான். எல்லோரும் சிரிக்க நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு, குடிக்கத் தோன்றுகிறது என்று கீத்துக்கு மெசேஜ் போட்டேன். அவர் எங்கெங்கோ தேடி, ஞாயிறு பின்னேரம் ஹட்டனிலும் ஒரு கூட்டம் நடக்கிறது என்று எழுதினார். பிறந்த மண்ணில் இருக்கிற ஒன்றை எனக்குப் பனி நாட்டுக்காரர் சொல்ல வேண்டியிருந்தது.

ரகசியமாகப் போகலாம் என்றுதான் பஸ் ஏறினேன். இறங்குமிடத்தில் கண்டக்டர், "மீட்டிங்காரங்க எறங்குங்க" என்று கூவினான். சின்ன அறை, ஆறு பேர். நடத்தியவர் ஒரு ஓய்வுபெற்ற சிங்கள மாஸ்டர். பேரை மட்டும் சொன்னால் போதும் என்று நல்ல தமிழில் சொன்னார். பேரைச் சொல்வானேன்? மூலையில் ராமையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறை அவருடையது.

அசதியாக இருந்தது. ரொறன்ரோவில் சொல்லிப் பழகிய கதையையே சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது ராமையா அண்ணன் நிமிர்ந்தார். சத்தம் போடவில்லை.

"அத மட்டும் சொல்லாத தம்பி. நடுச்சுவரு கூரை வரைக்கும் போகல. இந்தப் பக்கம் நாங்க படுத்திருந்தோம்."

லயத்தில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்கும் சொந்தம். எத்தனை தடவை அவர் வந்து கதவைத் தட்டினார், ஒரு தடவை தனத்தையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். குடியை விட்டவன் பேச்சிலும் பொய் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன். யாரும் தேங்க் யூ சொல்லவில்லை. ராமையா அண்ணன் பால் விடாத பிளேன்டீயை நீட்டி, நக்கிக் குடிக்க என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார்.

வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் என்ன சொன்னேன் என்று தனத்திடம் சொன்னேன். ரொறன்ரோவில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அங்க நம்ம வீட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குமாங்க?"

போனில் எத்தனையோ தடவை அதைத்தான் பெருமையடித்திருந்தேன். ஒரு ஈ பறந்தாலும் வெளியே கேட்காத வீடு என்று.

"கேக்காது" என்றேன்.

"அப்ப கதவத் தட்ட யாரு வருவா?"

புறப்படும் நாளிலும் அவள் கையெழுத்துப் போடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். போன் எடுத்தா வெட்டாம வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. வேலை முடிந்து, கை எதையாவது தேடுகிற என் மாலை நேரம் அங்கே விடியற்காலை. போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிடுகிறேன். பீலியில் தண்ணீர் விழுகிறது. மகள் சீப்பைக் காணோம் என்கிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற பெண்கள் தனத்தைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார்கள். இவ்வளவும் என் ஒற்றை அறைக்குள் வந்து நிறைகிறது. இங்கிருந்து அங்கே போவது, நான் தேத்தண்ணியைக் கலக்குகிற கரண்டிச் சத்தம் ஒன்றுதான். அவள் வேலைக்குப் புறப்படும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.