ரப்பர் பாலில் வரைந்த கப்பல்

எங்கள் தோட்டத்தில் படம் வரைகிறவள் என்றால் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு ஒருத்தரும் வரையவில்லை, அவ்வளவுதான். நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் கரித்துண்டால் மயில் போடுவேன். கல்யாண வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் பூ போடுவேன். மற்ற நேரமெல்லாம் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் மலையில் பால் வெட்டுவேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாரியம்மன் திருவிழாவுக்கு வருடாவருடம் ராஜா நாடகம் போடுவார்கள். பின்னால் தொங்கவிடும் திரையை அவிசாவளையிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவார்கள். அரண்மனை, நாலு தூண், இரண்டு மான். அந்த வருடம் அது வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. கோயில் கமிட்டித் தலைவர் என்னைத் தேடி வந்தார்.

“புள்ள, கோதுமை மாச்சாக்கு தாறேன். பிரிச்சுத் தைச்சு ஒரு அரண்மனை போட்டுக் குடுத்துரு.”

“அரண்மனையை நான் எங்க கண்டேன் தலைவரே?”

“நடிக்கிறவன் மட்டும் கண்டானா? தூண் நாலு போடு, போதும்.”

சரி என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்கே திரும்பிப் போகச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து ஒவ்வொரு லயமாகப் பேப்பர் வந்துகொண்டிருந்த காலம். நீ யார், எங்கே பிறந்தாய், உன் அப்பன் எப்போது வந்தான் என்று அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் கூப்பிட்டுக் கேட்டார்கள். கூலி வேலைக்குக் கப்பலில் வந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் காட்டத்தான் எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நம்மைக் கேவலப்படுத்தும் இந்த நேரத்தில் எவனோ ராஜாவுக்கு நான் ஏன் தூண் வரைய வேண்டும்? நாங்கள் வந்த கப்பலை வரைவது என்று முடிவு செய்தேன். தலைவரிடம் மூச்சு விடவில்லை.

அம்மா ஐந்து வயதில் வந்தவள். கழுத்தில் நம்பர் அடித்த தகரத்துண்டைக் கட்டித்தான் ஏற்றினார்களாம். கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“வாந்திதான் தெரியும். கப்பலை எவ பாத்தா?”

“கடலு?”

“அதுவும் வாந்திதான். நீ போடுற படத்தை மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பாக்கணும்.”

கடலை நானும் பார்த்ததில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே வெள்ளத்தின் செம்மண் நிறத்தைக் கொடுத்து மேலே சலவை நீலத்தை அடித்தேன். அடுப்புக் கரி, காவி மண், மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் இருந்தன. தண்ணீரில் கரைத்துப் பூசினால் காய்ந்ததும் உதிர்ந்தது. மறுநாள் மலையிலிருந்து ஒரு டின் ரப்பர் பாலை ஒளித்துக் கொண்டுவந்தேன். கங்காணி கண்டிருந்தால் என் தோலை உரித்திருப்பான். பாலில் குழைத்துப் பூசியதும் நிறம் துணியைக் கவ்விப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள் சோறு இறங்கவில்லை.

எனக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டும் சிநேகிதி கூட இருந்து நிறம் குழைத்தாள். அவள் குடும்பத்துக்குப் பேப்பர் வந்துவிட்டது. அடுத்த மாதம் இந்தியாவுக்குப் பயணம். வாய் மட்டும் ஓயவில்லை.

“ஏண்டி, இத்தனை பேரை ஏத்திட்டியே, கக்கூஸ் எங்கடி?”

“கடல் எதுக்கு இருக்கு?”

திரையின் இடது பாதியில் கப்பல். பானை, கோழிக்கூடு, தப்பு மேளம், இடுப்பில் பிள்ளை, ஒவ்வொரு கழுத்திலும் தகரத்துண்டு. கப்பலின் மூக்கு வலது பக்கம் பார்த்தது. அங்கே எங்கள் மலை வர வேண்டும். லேசாகப் பச்சை பூசியதோடு நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் திருவிழா. படம் உட்பக்கம் வரும்படி திரையை நடுவில் மடித்தேன். சுருக்கம் விழக்கூடாதென்று அம்மிக்கல்லையும் தூக்கி மேலே வைத்தேன்.

இதைவிட முட்டாள்தனம் உண்டா? காயாத ரப்பர் ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஒட்டும் என்பது தோட்டத்தில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். பத்து வருடமாகப் பால் வெட்டிய எனக்கு அன்று தெரியவில்லை.

திருவிழாவன்று பின்னேரம் கோயில் முற்றத்தில் திரையைப் பிரித்தால் பிரியவில்லை. ஓரத்தில் ஒரு சாண் விலகியது, பிறகு கம்மென்று நின்றது. நான் அழவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். விலகிய ஓரத்தில் கப்பலின் பின்பக்கமும் தகரம் கட்டிய இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

“என்ன புள்ள இது? அரண்மனை எங்க?”

“அரண்மனை இல்ல. நம்ம ஆளுங்க கப்பல்ல வந்தது.”

அவர் முகம் கறுத்தது. “கூலிக்கு வந்ததைக் கோயில்ல கட்டி ஊருக்குக் காட்டப்போறியா? கிராமத்துச் சிங்கள ஆளுங்களும் நாடகம் பாக்க வருவாங்க.”

“அவங்களுக்குத் தெரியாதாக்கும்! மறைச்சு வச்சா நாம ராஜா பரம்பரை ஆயிருவோமா?”

“வாயை மூடு. திரைக்குப் பதிலா வெள்ளை வேட்டியைக் கட்டுங்கப்பா. இதைக் கொண்டுபோய் அடுப்புல போடு.”

அடுப்பில் போடு என்றதும் எனக்கு வெறி பிடித்தது. “இழுங்கடி!” என்று கத்தினேன். சிநேகிதியும் இன்னும் ஆறு பெண்களும் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். சர்ரென்று சத்தம். ஒட்டிய பால் நூல்நூலாக இழுபட்டு, திரை முழுதாகத் திறந்தது.

போச்சு என்றுதான் நினைத்தேன். இடது பக்கக் கப்பலின் பாதி நிறம் உரிந்து வலது பக்கத்தில் ஒட்டியிருந்தது. பச்சைக்கு மேல் இன்னொரு கப்பல். அதே ஆட்கள், அதே பானை, அதே தகரம். ஆனால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

சிநேகிதிதான் கிட்டே போய் அந்தப் புதுக் கப்பலைத் தொட்டாள்.

“அடியே, இது நாங்கடி. திரும்பிப் போறோம்.”

என் உடம்பு சிலிர்த்தது. இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது. நாலு நாள் மண்டையை உடைத்து நான் வரைந்தது பாதிக் கதை. மீதியை ரப்பர் பால் வரைந்துவிட்டது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து இரண்டு கப்பலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போறவளுக வாந்தி எடுக்காமப் போங்கடி. புளி கொண்டுபோங்க.”

அதோடு கூட்டம் வெடித்தது. சிரிப்பும் அழுகையும் கூச்சலுமாகத் திரைக்கு மேல் குனிந்தார்கள். இது எங்கள் தாத்தா, அது உங்கள் அத்தை என்று சண்டை போட்டார்கள். நாடகம் பார்க்க வந்திருந்த ஒரு சிங்களத் தச்சர், தன் பாட்டில் மூங்கிலை எடுத்து மேல் ஓரத்தில் கட்ட ஆரம்பித்தார். “ஹரிம லஸ்ஸனாய் நங்கி” என்றார். ரொம்ப அழகாம்.

தலைவர் அசையாமல் நின்றார். அவர் வேண்டாமென்றால் திரை ஏறாது. நான் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தேன். கெஞ்ச மாட்டேன். அவர் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமினார்.

“எங்கப்பன் இதுல இல்லையே.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“குடுமி வச்சிருப்பாரு. இடது கால் கொஞ்சம் நொண்டும். வர்ற கப்பல்ல போடு. போற கப்பல்ல எங்கண்ணன் வீட்டை ஏத்து. எட்டுப் பேரு. இடம் பத்தாட்டி கோழியை இறக்கிரு.”

பிறகு என்னை விடுவார்களா? எங்க மாமாவைப் போடு, என் தங்கச்சி மாசமாப் போறா, வயித்தைப் பெருசாப் போடு என்று நாலா பக்கமும் இழுத்தார்கள். தச்சர் திரையைத் தூக்கிக் கட்டிவிட்டார். ராஜா வேஷக்காரன் பாதி மீசையோடு ஓடிவந்து, “நான் எப்ப வர்றது?” என்று அலறினான்.

“இருடா மகாராசா, முதல்ல சனத்தை ஏத்துவோம்!”

பெஞ்சின்மேல் ஏறினேன். கீழேயிருந்து யாரோ கரித்துண்டை நீட்டினார்கள்.

“பேரைச் சொல்லிச் சாகடிக்காதீங்க,” என்று கத்தினேன். “ஒவ்வொருத்தரா வந்து மூஞ்சியைக் காட்டுங்க!”