பதிலுக்குக் காத்திருந்த பத்து விநாடிகள்

என் மகள் நஸ்ரின் முதன்முதலாக நின்றுபோனது ஒரு காய்கறிக் கடையில். அந்தக் கடை உண்மையில் எங்கும் இல்லை.

பொத்தேரியில் ஒரு பயிற்சி மையம். ஆட்டிசம் (பேச்சும் பிறரோடு பழகும் முறையும் வேறு விதமாக அமையும் வளர்ச்சி நிலை) உள்ள குழந்தைகளுக்கு அங்கே வி.ஆர். கருவி வழியாக ஆங்கிலம் பேசப் பழக்குகிறார்கள். கண்களை மூடும் அந்தக் கருவியைத் தலையில் மாட்டினால், ஒரு கடைக்குள்ளோ வகுப்பறைக்குள்ளோ நிற்பதாகவே தோன்றும். அங்கிருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். குழந்தை பதில் சொல்ல வேண்டும். அவள் பார்ப்பதை நான் வெளியே ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏன் ஆங்கிலம் என்று உறவினர்கள் கேட்டார்கள். நஸ்ரினுக்கு ஒன்பது வயது. அவள் வாயில் வந்த சொற்கள் எல்லாம் கைபேசியில் பார்த்த ஆங்கிலக் காணொளிகளில் பிடித்தவை. புதுப்பட்டினத்தில் நாங்கள் பேசும் தமிழ் அவளிடம் தங்கவில்லை. எந்தக் கதவு திறந்ததோ அதன் வழியாகப் போனோம்.

அன்று கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். "ஐ வாண்ட் டூ..." என்று தொடங்கினாள் நஸ்ரின். அதோடு நின்றாள். திரையில் படம் அசையவில்லை. கடைக்காரப் பெண் மாறாத சிரிப்போடு காத்திருந்தாள்.

"அவசரப்படுத்தாதீங்கக்கா," என்றார் பயிற்சியாளர் கலைவாணி. "மனசுக்குள்ள வார்த்தைய தேடறா. பத்து செகண்ட் டைம் குடுங்க."

அவர் சொன்னது தவறில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் பதிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தேன். வீட்டிலும் காத்திருந்தேன். என் மகள் யோசிக்கிறாள் என்று உள்ளூரப் பெருமை வேறு.

ஆனால் அந்த நேரங்களில் அவள் வலது கை விரல்கள் கவுனின் ஓரத்தைப் பிய்ப்பதுபோல் கிள்ளிக்கொண்டே இருந்தன. எதையோ மெல்வதுபோல் உதடுகள் அசைந்தன. முடிந்ததும் என்னைத் தெரியாதவளைப் போலப் பார்ப்பாள். உங்கள் குழந்தையிடம் இதைக் கண்டால் என்னைப்போல் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவள் நின்றுபோவது அடிக்கடி நேர்ந்தது. சாப்பிடும்போது ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை. என் கணவர் ஒருநாள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா, மறுபடியும். இவ எங்க பூட்டு வர்றா?"

எங்கே போய்வருகிறாள் என்ற அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. "யோசிக்கிறா," என்றேன்.

நான்காவது மாதம், வகுப்புக்குப் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேருந்தில் அவள் வலது கை தானாக உயர்ந்தது. பிறகு உடல் முழுவதும் விறைத்துத் துடித்தது. யாரோ ஒருவர் அவள் கையில் சாவியைத் திணித்தார். நடத்துநர் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"சாவிலாம் வேணாம்! கொயந்தய ஒருக்களிச்சி படுக்க வையிம்மா. வாயில ஒண்ணும் வெக்காத. எங்க வூட்லயும் ஒருத்தருக்கு கீது."

ஓட்டுநர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் செங்கல்பட்டு மருத்துவமனை வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோனார்.

இரண்டு நாள் கழித்து இ.இ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுத்தார்கள். குவிய வலிப்பு என்றார் மருத்துவர் (மூளையின் ஒரு பகுதியில் தொடங்குவது, உடல் துடிக்காமல் நினைவு மட்டும் விலகலாம், சில சமயம் மூளை முழுக்கப் பரவும்).

"எவ்ளோ நாளா இப்படி நின்னு நின்னு போறா?"

"நாலு மாசமா. யோசிக்கிறான்னு நெனச்சேன் டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நிறைய பேர் அப்படித்தான் நெனைக்கிறாங்கம்மா."

என் கணவர் குறுக்கிட்டார். "அந்தப் பொட்டிய தலைல மாட்னதாலதான டாக்டர்?"

"அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆட்டிசம் இருக்கற சில குழந்தைங்களுக்கு வலிப்பும் சேர்ந்து வரும். ஆனா இது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் அது வேணாம்."

வெளியே வந்ததும் என் கணவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "இங்கிலீஷும் வேணாம், ஒண்ணும் வேணாம். எம்பொண்ணு இருந்தா போதும்." எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

முதல் மருந்து அவளைத் தூக்கத்தில் ஆழ்த்தியது. நின்றுபோவது குறைந்தது. கூடவே சொற்களும் போயின. அந்தத் திரையைப் பார்த்து நான் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் என் வாயைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஏழு வாரம் வீடு பேச்சில்லாமல் கிடந்தது. அவள் சொற்களை வலிப்பு கொண்டுபோனதா, மருந்து கொண்டுபோனதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மருந்தை மாற்றினார்கள். மெதுவாக "வாட்டர்" வந்தது. பிறகு "நோ". இடையிடையே நின்றுபோவதும் திரும்பியது.

மாமல்லபுரத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு மாலை கடற்கரையில் நஸ்ரின் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இட் இஸ் கமிங்," என்றாள்.

அலை வருகிறது என்கிறாள் என்று நினைத்தேன். அலை எட்டத்தில் இருந்தது. அவள் கடலைப் பார்க்கவும் இல்லை. அந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. எனக்குப் புரிவதற்குள் அவள் விரல்கள் கிள்ளத் தொடங்கிவிட்டன.

அவளாகவே கோத்த முதல் வாக்கியம் அது. தனக்குள் வரப்போவதை அறிவிக்க அவளுக்கு ஒரு மொழி கிடைத்திருந்தது. மகிழ்வதா அஞ்சுவதா என்று தெரியாமல் மணலில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

வலிப்பு முற்றிலும் நிற்குமா என்பதற்கு மருத்துவர் உறுதி தரவில்லை. பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். சொன்னதற்கும் அவள் விலகிப்போவதற்கும் நடுவே நான்கு மூச்சு அளவு நேரம். அடுப்பை அணைக்க, அவளை உட்காரவைக்க, தலைக்குக் கை கொடுக்க அது போதும். நான் குளிக்கும்போதும் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி, அவள் குரல் வருகிறதா என்று கேட்கிறேன். என் உடலில் எப்போதும் விழித்திருப்பது காதுதான்.

இன்று காலை நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது "இட் இஸ் கமிங்" என்றாள். ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்தேன். மாவு படிந்த கையால் அவள் நெற்றியைத் தாங்கினேன். ஒரு மூச்சு. இரண்டாவது. மூன்றாவதிலும் அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.