பனியன் போட்ட ஜெனரேட்டர்

1. போனிலேயே தீர்ப்பு

நாச்சிமுத்து எனக்குப் போன் செய்யும்போதே தீர்ப்பையும் எழுதி முடித்திருந்தார்.

"ஏனுங் மணியண்ணா, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலீங்க. ஆயில் இல்லீங்க. நம்ம ஆப்பரேட்டர் உருவி வித்துப்போட்டானுங்க. நீங்க வந்து, ஆயில் இல்லாமத்தான் நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா, அவனை அனுப்பிப்போடலாமுங்க."

டாக்டரிடம் போகிறவர்கள் வயிறு வலிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மெக்கானிக்கிடம் வந்தால் மட்டும் நோய், காரணம், மருந்து எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டு, ஆமாம் போடத்தான் கூப்பிடுவார்கள். திருப்பூர் வட்டாரத்தில் டீசல் ஜெனரேட்டர் சர்வீஸ் பார்த்தே என் தலை நரைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் பழைய கஸ்டமர்கள் விடுவதில்லை. ஆனால் ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"வந்து பாக்கறேனுங்க. அதுவரைக்கும் யாரும் செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.

அவருடைய நிட்டிங் யூனிட் வீரபாண்டிப் பக்கம். நூல் உள்ளே போய்த் துணியாக ரோல் ரோலாக வெளியே வரும் வட்ட மெஷின்கள் ஒரு பெரிய ஹால் முழுக்க நிற்கும். ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதற்குக்கூடக் காதருகே போய்க் கத்த வேண்டும். அன்று திங்கட்கிழமை, மின்வாரியத்தின் ஷட் டவுன். சாயங்காலம் வரை கரண்ட் வராது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை என்பதால் ஹாலில் சத்தமே இல்லை. வேலையாட்கள் நூல் பெட்டிகள் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனரேட்டர் ரூம் வாசலில் ஆப்பரேட்டர் அந்தோணி நின்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மனைவி ஸ்டெல்லா அதே ஹாலில் துணி செக்கிங். முதலாளியின் லைன் வீட்டில்தான் குடும்பம், இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

2. டிப் ஸ்டிக்

முதலில் பேட்டரி. நல்ல வோல்ட்டேஜ். டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தது. நாச்சிமுத்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? போன திங்கக்கிழமைதானுங்க நானே நின்னு ஃபுல்லா ஊத்துனேன். ஆயில் டப்பாவை ஆபீஸ்ல வெச்சுப் பூட்டிச் சாவியை என்ற இடுப்புல வெச்சிருக்கறேன். கேட்டுல தினமும் அவன் பையைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கறேன். அப்படியும் குறையுதுன்னா இன்ஜின்லிருந்தே உருவறானுங்க."

"உருவுனா எதுல கொண்டு போறாருங்க? வாயிலயா?"

கேழ்வரகில் நெய் வடிகிறது என்று யாராவது சொன்னால், கேட்கிறவருக்கு மதி வேண்டாமா?

இன்ஜினுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, தரை துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. அப்படியானால் ஆயில் எரிந்து போக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எடுக்க வேண்டும். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தோணியைத் தனியாகக் கூப்பிட்டேன். "எப்பப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது?"

"திங்கக்கிழம மட்டுந்தான் அண்ணாச்சி மக்கர் பண்ணுது. காலைல நாலஞ்சு தடவ செல்ஃப் அடிச்சாலும் லேசா இருமிட்டு நின்னுரும். மத்தியானத்துக்கு மேல அதுவா எடுத்துக்கிடும். மத்த நாள்ல ஒரு தொந்தரவும் இல்ல."

"புகை?"

"நீலமா வருது. கூரைக்கு மேல போறதால யாரும் பாக்க மாட்டாவ. நான் ரெண்டு தடவ மொதலாளிட்ட சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னுட்டாவ." அப்புறம் ஹால் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "போன திங்கக்கிழம கரண்டு போயி, இதுவும் ஸ்டார்ட் ஆகல. மொதலாளி ஹால் நடுவுல நின்னு, என்னைய ஆயில் திருடன்னு சொல்லிட்டாவ. மெஷின் ஒண்ணும் ஓடல அண்ணாச்சி. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். எல்லாருக்கும் கேட்டுச்சு. என் பொண்டாட்டி துணியக் கையில பிடிச்சிட்டு நிக்கா."

அவர் அழவில்லை. எனக்குத்தான் பரிதாபமாக இருந்தது. ஆனால் பரிதாபம் ஒரு பரிசோதனை ஆகாது. இந்த மனுசன் எடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவது ஒன்று, எடுக்கவில்லை என்று காட்டுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை லீவு கழிந்து திங்கட்கிழமை மட்டும் கிளம்ப மறுக்கும் இன்ஜினை நான் அதுவரை பார்த்ததில்லை.

3. துணிக்கா பஞ்சம்

ரூமின் மறுபக்கம் சுற்றிப் போனேன். ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், பனியன். இழுத்தால் நீளும் ரிப் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, வாயில் எலாஸ்டிக் கொடுத்து, நல்ல டெய்லர் தைத்தது. ஃபில்டருக்கு இறுக்கமாகப் போட்டுவிட்டிருந்தார்கள். தொட்டால் ஈரமாக இருந்தது.

"இது யார் போட்டதுங்க?"

"நானுங்க" என்றார் நாச்சிமுத்து, கொஞ்சம் பெருமையாகவே. "நிட்டிங் ஹால் எக்ஸாஸ்ட் ஃபேன் இந்தப் பக்கந்தானுங்க தள்ளுது. பஞ்சு பூராவும் வந்து ஃபில்டர் அடைச்சுக்குது. கம்பெனி ஃபில்டர் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். நம்மகிட்ட துணிக்கா பஞ்சமுங்க? வாராவாரம் ஞாயித்துக்கிழமை துவைச்சு மாட்டச் சொல்லிப்போட்டேன். பனியன் இல்லாம இன்ஜின் ஒரு நிமிசம் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

வாரா வாரம் துவைத்து, காய்ந்தும் காயாமலும் திங்கட்கிழமை காலையில் மாட்டினால், ஈரத் துணி வழியாக இன்ஜின் எப்படி மூச்சு விடும்? மத்தியான வெக்கையில் துணி காய்ந்ததும் எடுத்துக்கொள்கிறது. இருமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பனியனைக் கழற்ற முயன்றேன். வரவில்லை, ஈரத்தோடு இழுத்து மாட்டியது அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. கத்தியால் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"தெச்சப்ப லூசாத்தானுங்க இருந்துச்சு" என்றார்.

"காட்டன் துணியைத் துவைச்சா சுருங்குமுன்னு, திருப்பூர்ல வந்து உங்களுக்கு நான் சொல்லணுமுங்களா?"

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். ஃபில்டர் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். காற்று போகாமல் அடைத்தால் அதில் சிவப்பு வரும், அதைப் பார்த்து ஃபில்டர் மாற்ற வேண்டும். பனியனுக்கு அடியில் அது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தது, யார் பார்ப்பது?

இனி ஆயில். இளம் மெக்கானிக்குகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டர்போவில் ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். புகை ஒன்றைச் சுழற்றும், இன்னொன்று காற்றை இன்ஜினுக்குள் தள்ளும். நடுவில் தண்டு ஆயிலில் மிதந்துகொண்டு சுற்றும். அந்த ஆயில் காற்றுப் பக்கம் வராமல் இருக்க ஒரு சின்ன ரிங் மட்டும்தான் காவல். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சக்கரம் காற்றுக்குத் தவித்து, கிடைத்ததை உறிஞ்சும். காற்று கிடைக்காவிட்டால் ரிங்கைத் தாண்டி ஆயிலை உறிஞ்சும். அது இன்ஜினுக்குள் போய் நீலப் புகையாக எரியும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. டிப் ஸ்டிக்கில் மட்டும் குறையும். நாச்சிமுத்துவிடமும் இதைத்தான் சொன்னேன்.

"காரணந்தான் தெரிஞ்சுபோச்சுல்லீங்க, ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. துணி சாயங்காலம் சாயம் போட டையிங்குக்குப் போகோணும்" என்று நாச்சிமுத்து அவசரப்படுத்தினார். பேனலில் கை வைக்கப் போனவரிடமிருந்து சாவியைப் பிடுங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சாமளாபுரத்தில் ஒரு தறிப் பட்டறையில், காற்றுக் குழாயில் தேங்கிய ஆயிலை இன்ஜின் மொத்தமாகக் குடித்துவிட்டு, டீசலை அடைத்த பிறகும் நிற்காமல் ஓடியதைப் பார்த்தவன் நான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற வழியில் இருக்கும் இன்டர்கூலர் குழாயைக் கழற்றி அடியில் ஒரு பக்கெட் வைத்தேன். கறுப்பாக, கெட்டியாக, நின்று நிதானமாக ஆயில் இறங்கியது. பக்கெட்டின் அடி மறைந்தது, பிறகும் இறங்கியது. நாச்சிமுத்து குனிந்து பார்த்தார்.

"உங்க ஆயில்ல மிச்சம் இது. மீதியெல்லாம் கூரைக்கு மேல போயிருச்சுங்க" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

டர்போ தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் அளவாகத்தான் இருந்தது, சக்கரம் எங்கும் உரசவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, ஆயில் ஊற்றி, சாவியை அந்தோணியிடம் கொடுத்தேன். ஒரே செல்ஃப். நீலப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்றது. லோடு கொடுத்ததும் ஹாலில் மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.

4. கேட்க வேண்டியவர்கள்

நாச்சிமுத்து கெட்ட மனிதர் இல்லை. தப்பு தெரிந்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது. ஹால் வாசலில் அந்தோணியின் தோளைத் தட்டி, "சரி விடு அந்தோணி, ஆனது ஆகிப்போச்சு. ஊட்டைக் காலி பண்ண வேண்டாம். போயி வேலையைப் பாரு" என்றார்.

அந்தோணி நகரவில்லை.

"மொதலாளி, நீங்க இப்ப சொன்னது எனக்கே பாதிதான் கேக்கு" என்றார், காதருகே போய்க் கத்தி; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "அன்னைக்கு மெஷின் ஓடல. நீங்க சொன்னது ஹால் பூராவும் கேட்டுச்சு. என் பொண்டாட்டிய இப்ப ஆயில்காரி, ஆயில்காரின்னு கூப்பிடுதாவ. எம்புள்ள ரெண்டும் பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுட்டு வருது. அன்னைக்குக் கேட்டவுகளுக்கு இன்னைக்கும் கேக்கணும். இல்லன்னா நான் போயிருதேன் மொதலாளி, மாசக் கடைசி வரைக்கும்கூட வேண்டாம்."

ஓடும் நிட்டிங் மெஷினை நடுவில் நிறுத்தினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். நின்ற கோடு என்பார்கள். என்ன செய்தாலும் போகாது, டையிங்கில் இன்னும் நன்றாகத் தெரியும். நாச்சிமுத்துவின் ஹாலில் காரணமில்லாமல் மெஷினை நிறுத்தியவனுக்கு அன்று வசவுதான் சாப்பாடு. சாயங்காலம் துணி லோடு வேறு போக வேண்டும்.

நாச்சிமுத்து ஹாலுக்குள் நடந்தார். மெஷின்களை நிறுத்தச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தானே முதல் மெஷினுக்குப் போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினார். அடுத்தது, அதற்கடுத்தது. வரிசை வரிசையாக நடந்து அழுத்திக்கொண்டே போனார். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "லைட் கயா?" என்று, கரண்ட் போய்விட்டதாக நினைத்து ஒரு பீகார்ப் பையன் மேலே பார்த்தான். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கடைசி மெஷினும் நின்றது. நாச்சிமுத்து நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. ஆயிலை யாரும் திருடலீங்க. நான் ஃபில்டருக்குப் பனியன் மாட்டிவிட்டேன், அதுதான் இன்ஜினை ஆயில் குடிக்க வெச்சிருக்குது. அந்தோணியை நான் திருடன்னு சொன்னது தப்பு. இனிமே யாராச்சும் அந்தப் பேச்சை எடுத்தா, அவங்க என்கிட்டத்தான் பேசோணும்."

ஸ்டெல்லா செக்கிங் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். அந்தோணி ஜெனரேட்டர் ரூமுக்குத் திரும்பிப் போனார். மெஷின்கள் மறுபடி ஓடின.

இத்தனை வருடத்தில் கற்றதை இளம் மெக்கானிக்குகளுக்குச் சொல்கிறேன். ஆயில் குறைந்தால் முதலில் தரையைப் பாருங்கள். அப்புறம் புகையை, ஏர் ஃபில்டரை, டர்போ குழாயைக் கழற்றிப் பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஆளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு வேலை இருக்காது.

அடுத்த வாரம் ஃபில்டர் பார்க்கப் போனபோது ஸ்டெல்லாவைக் கேட்டேன், அன்றைய ரோலெல்லாம் என்னம்மா ஆச்சு என்று. எல்லா ரோலிலும் நின்ற கோடு இருந்ததாம். வழக்கம்போல டிஃபெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி முதலாளியிடம் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும் விடம்மா" என்றாராம்.